இடதுகைப் பக்கம், இரண்டு கிலோமீட்டர்

செவக்காட்டூரில் வழி கேட்டவருக்குத் தெரியாது என்று பதில் சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை, இனிமேல் பிறந்தாலும் அவனுக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் தென்காசிக்கு வழி கேட்டாலும் சரி, தொலைந்துபோன கன்றுக்குட்டி போன வழியைக் கேட்டாலும் சரி, கேட்டு முடிப்பதற்குள் நாலு கை நீளும், நாலும் நாலு திசையைக் காட்டும், நாலு வாயும் ஒரே குரலில் "நேராப் போங்க, இடதுகைப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லும். கேட்டு வந்தவர் முகம் வாடக்கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம், போய்ச் சேர்வது அவர் பாடு. இப்படிச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், கடைசியில் இங்கேயே பெண் எடுத்துக் குடியேறிவிட்டவர்கள் மட்டும் ஒரு தெரு முழுக்க இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு வழி கேட்டாலும் நாங்கள் தப்பாகத்தான் சொல்வோம்.

இந்தக் கதையைச் சொல்கிற நான் வெயிலுமுத்து, குருவம்மாள் லாட்ஜின் முதலாளி, மேனேஜர், ரூம் பாய், வாட்ச்மேன். குருவம்மாள் என் மனைவி. இடம் அவள் அப்பா கொடுத்தது, பெயர் அவளுடையது, அடுப்படி அவளுடையது, மீசை மட்டும் என்னுடையது. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற பழைய ரோடு எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போனது, லாரி டிரைவர்களும் சாமான் விற்கிறவர்களும் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் அறை கேட்டு வரிசையில் நின்றார்கள், நான் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ அரண்மனையைத் திறந்துவிடுகிறவனைப்போலச் சாவியைக் கொடுப்பேன். பிறகு நாலுவழிச் சாலைக்கு அளக்கிறோம் என்று சிலர் வந்து, ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடலைக் காட்டுக்கு நடுவே கல் ஊன்றினார்கள்.

என் ஒரே மகன் பொன்னரசு அப்போதே சொன்னான், "எப்பா, நாமளும் ரோட்டோரமா ஒரு கொட்டகை போட்டுருவோம்ப்பா, பெறவு இங்க ஒரு ஈ காக்கா வராது" என்று. நான் பஜாரில், டீக்கடை வாசலில், ஊரே பார்க்க மீசையை முறுக்கிக்கொண்டு, "அந்தப் பொட்டக்காட்டுல ஒத்த பஸ்ஸு போவட்டும்ல, நான் மீசையை எடுத்துக்கிடுதேன்" என்றேன். பையன் மூட்டையைக் கட்டினான். மதுரைக்குப் போய், பெரிய வண்டி ஓட்டப் பழகி, ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்தான். சாலையும் வந்தது. அதில் முதன்முதலாகப் போன வெள்ளை ஏசி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனதும் அவன்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தெற்கே போவான், சாயங்காலம் வடக்கே போவான், ஒரு நாளும் ஊருக்குள் திரும்பியதில்லை. கூப்பிட்டால் வந்திருப்பான், ஆனால் மீசையை வைத்துக்கொண்டு எந்த வாயால் கூப்பிடுவது? நான் அதற்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டேயிருந்தேன், ஊர் என் முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குப் பின்னால் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. குருவம்மாள் காலையில் அந்த நேரத்துக்குத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவாள். துவைக்கத் துணி இல்லாத நாளில் காய்ந்த துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு போவாள். கடலைக் காட்டுக்கு அப்பால் அந்த வெள்ளை பஸ் நழுவி மறைகிறவரை அதை உதறிக்கொண்டேயிருப்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும், அதனால் அந்த நேரம் பார்த்து மோட்டார் போடப் போய்விடுவேன்.

சாலை பிரிகிற இடத்தில் ஒரு போர்டு வைக்கப்போகிறேன் என்று நான் அறிவித்ததும் அப்போதுதான். வியாபாரத்துக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். "யாருக்காக வைக்கீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று குருவம்மாள் மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

மூடிக் கிடந்த டாக்கீஸிலிருந்து ஒரு பெரிய தகரத்தைப் பிடித்து, எங்கள் ஊர் ஓவியர் ஜெயசீலனிடம் கொடுத்தேன். அவர் அதில் "குருவம்மாள் லாட்ஜ், காற்றோட்டமான அறைகள், 2 கி.மீ." என்று எழுதி, பக்கத்தில் இடது பக்கம் காட்டுகிற ஒரு கையையும் வரைந்தார். யாரும் கேட்காமலே அந்தக் கைக்கு ஒரு மோதிரமும் வாட்சும் போட்டுவிட்டார். கடலைக்காட்டு ஓரத்தில் அதை நட்டோம். மறுநாள் பெய்த மழையில் எழுத்தெல்லாம் ஒழுகி வரப்பில் இறங்கிவிட்டது, கை மட்டும் மோதிரத்தோடும் வாட்சோடும் அப்படியே நின்றது. பெயிண்டில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டாய் என்று நான் ஜெயசீலன் சட்டையைப் பிடித்தேன். "பெயிண்டு நல்ல பெயிண்டு அண்ணாச்சி, ஒங்க நேரந்தான் சரியில்ல" என்று அவர் என் துண்டைப் பிடித்தார். ஊர் வந்து விலக்கிவிட்டது.

நாங்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே ஒரு கார் வந்து டீக்கடை முன்னால் நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "இங்க அறுந்த பட்டன் உடனே தைச்சுத் தருவாங்களாமே, ரெண்டு கிலோமீட்டர்னு போர்டுல போட்டிருக்கே, எங்கங்க?" என்றாள். வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறாளாம், வழியில் கழுத்துப் பட்டன் தெறித்துவிட்டதாம். போர்டில் அப்படி எதுவும் இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் கேட்டது வழி. நாலு கை நீண்டது. அவள் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் ரேஷன் கடையில் நின்றாள், ரேஷன் கடைக்காரர் அவளைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், சாக்கு தைக்கிற கோணூசியை எடுத்து, அரிசி மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு அதைத் தைத்துக் கொடுத்தார். அந்தப் பட்டன் அவள் ஓய்வு பெறுகிறவரை அறுந்திருக்காது.

இப்படித்தான் ஆரம்பித்தது, இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு மொட்டைத் தகரமாக நின்ற அது, போகிற வருகிறவர்களுக்கு அவரவருக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு வந்து, குழந்தை முழித்துக்கொள்ளாமல் சத்தம் போட்டுச் சண்டை போட இடம் எங்கே என்று கேட்டார்கள். நாங்கள் கை காட்டியதில் அரிசி மில்லுக்குப் போனார்கள், மில்காரர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, மெஷினை ஓடவிட்டார், அவர்கள் உள்ளே நின்று ஆசை தீரக் கத்திவிட்டு உடம்பெல்லாம் தவிட்டோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு குடும்பம் செத்துப்போன நாயைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தது. வாடகை வீட்டில் புதைக்க இடமில்லையாம். பள்ளிக்கூடத்துக்குக் கை காட்டினோம், டிரில் மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, வேப்பமரத்தடியில் குழி வெட்டி, சல்யூட் அடிக்கவைத்து அதை அடக்கம் செய்தார். நாங்கள் சொன்ன வழி எப்போதும்போலத் தப்பாகத்தான் இருந்தது, ஆனால் வந்தவர் எங்கே போய் நிற்கிறாரோ அங்கே இருக்கிறவர் அந்த வேலையைச் செய்தாக வேண்டும் என்பது யாரும் பேசி முடிவு செய்யாமலே ஊர் வழக்கமாகிவிட்டது.

வழக்கமான பிறகு பொறாமை வராமல் இருக்குமா? ரேஷன் கடைக்காரர் சட்டைப்பையில் எந்நேரமும் ஊசி நூலோடு திரிந்தார். மில்காரர் சண்டை போடுகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டு, நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தார். டீக்கடைக்காரர் பெஞ்சுக்குப் புதுப் பலகை போட்டார். வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் கூட்டி, கை காட்டும்போது சொந்தக்காரன் கடையையே காட்டுகிறார்கள் என்று ஒருத்தர் எழுந்து கத்தினார், கோயில் பூசாரி கடவுளே இல்லாதவர்கள் இத்தனை பேர் போகிறார்கள், ஒருத்தருக்கும் போர்டில் கோயில் என்று தெரியவில்லையே, போர்டைத் திருப்பி நட்டால் என்ன என்று கேட்டார். திருப்பி நட்டால் கை வயலைக் காட்டும் என்று ஜெயசீலன் பயமுறுத்தியதும் கூட்டம் காபி குடித்துக் கலைந்தது.

எல்லோருக்கும் ஆள் வந்தது, எனக்குத்தான் வரவில்லை. காற்றோட்டமான அறை இல்லாமல் தவித்த ஒரு மனிதன்கூட இந்தப் பூமியில் இல்லை. என் காசில் செய்த போர்டு, என் தகரம், என் ஆணி, ஊருக்கெல்லாம் உழைத்தது, எனக்கு உழைக்கவில்லை. ஒரு தரம் நெடுஞ்சாலை இன்ஜினீயர் ஒருவர் போர்டைப் பிடுங்க ஜீப்பில் வந்தார். பிடுங்கப் போனவருக்கு அதில் "மத்தியானம் படுத்துத் தூங்க இடம் உண்டு" என்று தெரிந்திருக்கிறது. நேராக என் லாட்ஜுக்கு வந்து நாலாம் நம்பர் அறையில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, அப்படி ஒரு போர்டே அங்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நாலுவழிச் சாலை வந்தபிறகு என் அறையில் தங்கிய ஒரே ஆள் அவர்தான், அதிகாரி என்பதால் சும்மா தங்கினார்.

ஆனால் அடுப்படிக்கு மட்டும் ஆள் வந்தது. ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் புழக்கடை வழியாக வந்து கூச்சப்பட்டுக்கொண்டு நின்றான். "சாப்பிட்டியான்னு கேக்க ஆள் உண்டுன்னு போட்டிருந்துச்சுங்க" என்றான். குருவம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு டிரைவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள், அவளும் கேட்டுக்கொண்டேயிருந்தாள், குழம்பு ஊற்றும்போது ஒவ்வொருவனிடமும் அந்த வெள்ளை பஸ்காரனைப் பற்றி விசாரித்தாள். மெலிந்திருக்கிறானா, வேகமாக ஓட்டுகிறானா, எந்தக் கடையில் சாப்பிடுகிறான். நான் முன்பக்கம் காலியான மேஜையில் உட்கார்ந்து சாவிகளைத் துடைத்தபடி எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் அந்தப் போர்டைப் படிக்காமல் விட்டுவிடுவேனா? ஒரு நாள் பஸ் ஏறி டோல்கேட் வரை போய், வெளியூர்க்காரனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வந்தேன். கண்டக்டரைத் தவிர எல்லோரும் அதில் எதையோ படித்தார்கள். ஒரு கிழவர் படித்துவிட்டு வெட்கப்பட்டார். என் கண்ணுக்கு வெறும் தகரம், மோதிரம், வாட்சு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது குருவம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயுசுல ஒரு தடவை யார்ட்டயாவது வழி கேட்டிருக்கீங்களா? கேக்காத ஆளுக்குப் போர்டு என்னத்தச் சொல்லும்?" என்றாள். அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரியாக இருக்கும்போதெல்லாம் நான் பேசுவதில்லை, அதனால் எங்கள் வீடு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

இப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை, சந்தை கூடியிருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு பெரிய கார் வந்து டீக்கடை முன்னால் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் இறங்கினார். சொந்தமாகத் தீப்பெட்டி ஆலை வைத்திருந்து அது மூழ்கிப்போனவர், அதை வீட்டில் சொல்ல முடியாமல் வேலைக்குப் போகிற மாதிரிக் காரை எடுத்துக்கொண்டு தினமும் நாலுவழிச் சாலையில் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தவர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் பஜாரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தோத்துப்போனேன்னு வாய்விட்டுச் சொன்ன மனுஷர் ஒருத்தர் இங்க இருக்காராமே. அவரை எங்க பாக்கலாம்?"

செவக்காட்டூர்ச் சரித்திரத்தில் முதல்முறையாக அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன. கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவன்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். எல்லாக் கைகளும் குருவம்மாள் லாட்ஜைக் காட்டின. அதுவும் தப்பான வழிதான், ஏனென்றால் நான் இன்னும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. "அது நீங்கதானா?" என்றார். இல்லை என்ற சொல் என் நாக்குநுனி வரை வந்தது. ஆனால் எங்கள் ஊர் வாயில் அந்தச் சொல்லுக்குப் பழக்கமில்லை, போதாததற்கு அந்த மனிதரின் முகம். வீடு பக்கத்திலேயே இருந்தும் திரும்ப முடியாமல் அதே ரோட்டில் போய்ப் போய் வருகிற முகம். என் பையனும் இப்படித்தானே ஓட்டிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது.

"நான்தான். ஆனா இன்னும் சொல்லல" என்றேன். "வாங்க, இப்பச் சொல்லிருதேன்."

எங்கே ஜம்பம் அடித்தேனோ அதே டீக்கடை வாசலில் ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்தேன். சலூன்காரர் மாடக்கண்ணு கூப்பிடுவதற்குள் வந்துவிட்டார். கத்தியை நாலுவழிச் சாலை வந்த நாளிலிருந்தே தீட்டி வைத்திருப்பார் போலிருக்கிறது.

"ரெண்டு பக்கமுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு பக்கமாத் தோத்தவன் உண்டா வே? எடும்."

அவர் எடுத்தார். சந்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் அந்தத் தீப்பெட்டிக்காரரைப் பார்த்துக்கொண்டு, ஆனால் மேற்கே கடலைக்காட்டுக்கு அப்பால் கேட்கிற மாதிரி, "எம் மவன் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, அந்த ரோட்டுல பஸ்ஸு போவுது, நான் தோத்துட்டேன்" என்று கத்தினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் எல்லோரும் சாவு விழுந்த துஷ்டி வீட்டில் நிற்கிற மாதிரி நின்றதுதான் என்னைக் கொன்றது. பிறகு கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குருவம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் நான் கேட்ட சிரிப்பு அது. அவளைத் தொடர்ந்து சந்தை முழுக்கச் சிரித்தது, மாடக்கண்ணு கத்தியை என் கழுத்துக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அந்த வெள்ளைச் சட்டைக்காரரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, வீட்டுக்காரியிடம் வெகுநேரம் பேசினார்.

மறுநாள் காலை குருவம்மாள் வழக்கம்போல நனைத்த துண்டோடு மாடிக்குப் போனாள். நான் மோட்டார் போடப் போகவில்லை, முன்பக்கம் உட்கார்ந்து மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தேன், அங்கே காற்றோட்டமாக இருந்தது. அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. துண்டு கையிலேயே இருக்க, அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். என்னடி என்று நான் கேட்பதற்குள் தெருமுனையில் ஹாரன் அடித்தது.

எங்கள் பஜாருக்குள் நுழையக்கூடாத அளவுக்குப் பெரிய பஸ் அது. டீக்கடைக் கூரையில் ஒரு மூலையை இழுத்துக்கொண்டு, காய்கறிக் கூடைகளை ஓரங்கட்டி, நாலு திசையிலிருந்தும் "வரட்டும், வரட்டும்" என்றும் "நிப்பாட்டு" என்றும் ஒரே சமயத்தில் வழிகாட்டுகிறவர்களுக்கு நடுவில் உறுமிக்கொண்டு வந்து, லாட்ஜ் வாசலில் நின்றது. பயணிகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள். பொன்னரசு இறங்கினான். மெலிந்துதான் இருந்தான்.

அவன் என்னையே பார்த்தான், நான் என் காலைப் பார்த்தேன். போர்டு என்ன சொல்லி இவனை அனுப்பியிருக்கும், அது நம்மிடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"போர்டைப் பாத்தேன்" என்றான்.

"என்ன போட்டிருந்துச்சு?"

"என்ன போட்டிருக்கும்? குருவம்மாள் லாட்ஜ், காற்றோட்டமான அறைகள், ரெண்டு கிலோமீட்டர். இத்தனை நாளும் வெறுந்தகரமா நின்னுச்சு, இன்னைக்குத்தான் எழுத்து தெரிஞ்சுது."

"நான் சொல்லல? பெயிண்டு நல்ல பெயிண்டு!" என்று கூட்டத்திலிருந்து ஜெயசீலன் கத்தினார்.

பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி, பாத்ரூம் எங்கே, டீ எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள், ஊர் கை நீட்ட ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் பொன்னரசு ஒரு படி ஏறி என் பக்கத்தில் வந்தான். என் முகத்தை, மீசை இருந்த இடத்தை, கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"அம்மா எங்கப்பா?" என்றான்.

இந்த நாளுக்காக நான் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கை மட்டும் தானாக எழுந்து உள்ளே நீண்டது.

"நேராப் போ" என்றேன். "இடதுகைப் பக்கம் திரும்பு."

அவன் பிறந்து தவழ்ந்த வீடு, அதில் அவனுக்குத் தெரியாத வழியா? ஆனாலும் வெளியூர்க்காரனைப்போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நேராகப் போனான், இடதுகைப் பக்கம் திரும்பினான். சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து "சாப்பிட்டியாய்யா?" என்று ஒரு குரல் கேட்டது. செவக்காட்டூரில் ஒருத்தர் காட்டிய வழியில் போய் இன்னொருத்தர் சரியான இடத்துக்குச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.